கணக்கு டீச்சர் கேட்கிற பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

குழாய் சரிசெய்கிறவர் இன்றும் வரவில்லை. வாளியில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான்காம் அத்தியாயத்தின் வாக்கியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பூகோள வாத்தியாருக்குக் கணக்குப் புத்தகத்துல என்ன வேலையோ" என்றாள்.

நியாயமான கேள்விதான். புத்தகம் கணக்கு டீச்சருடையது. பள்ளியைப் பாதியில் விட்டு, மறுபடி பரீட்சை எழுத நினைத்து நூலகத்து மாலை வகுப்புக்கு வருகிறார்களே, அவர்களுக்கான பயிற்சிப் புத்தகம். இலவசம். கணக்குகளை அவர் போடுகிறார். படங்களும் விடைப் பகுதியும் பௌதிகத்தின் பொறுப்பு — அவருக்குப் பாடமே பெயராகிப் பல காலம் ஆகிறது. மொழி மட்டும் என்னுடையது. மூவருமே ஒரே பள்ளியில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர்கள்.

மதியம் டீச்சர் ஃபோன் செய்தார்.

"சார், நாலாம் அத்தியாயத்தை நான் பார்த்து முடிச்ச பிறகு யாராவது கை வெச்சீங்களா?"

வைத்திருந்தேன். ஒரு கணக்கில் பயணிகள் ரயில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. அவ்வளவு வேகத்தில் எந்தச் சாதாரண ரயில் போகும்? 70 என்று மாற்றினேன். தூரம் 360. விடை இரண்டு மணி நேரம் என்று இருந்தது. அதை நான் பார்க்கவில்லை.

"இப்ப விடை அஞ்சு மணி நேரம், அதோட ஒரு மணியில ஏழில் ஒரு பங்கு சார். பிள்ளைங்க முதல் வாரமே ஓடிப் போயிடுவாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க அவர் காலை முழுவதும் அத்தியாயத்தை முதலிலிருந்து கேட்டிருக்கிறார். கேட்டிருக்கிறார் என்றுதான் எழுத வேண்டும். பார்வை போய் இரண்டு வருடமாகிறது. திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் மென்பொருள் ஒன்று அவர் கணினியில் இருக்கிறது. அதற்கு 'வாயாடி' என்று பெயர் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் எது மாறியது என்று மகள் பார்த்துச் சொல்லிவிடுவாள். மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. இப்போது நானோ பௌதிகமோ ஒரு காற்புள்ளியை நகர்த்தினால்கூட டீச்சர் மொத்த அத்தியாயத்தையும் மறுபடி கேட்க வேண்டும்.

வைப்பதற்கு முன் சொன்னார்: "இந்தப் புத்தகத்தோட நிறுத்திக்கறேன் சார். முடிஞ்சா அதுக்கு முன்னாடியே."

ஜூன் 5, வியாழன்

டீச்சர் இல்லாமல் இந்தப் புத்தகமா? நானும் பௌதிகமும் சேர்ந்து போட்டால் அது புத்தகம் இல்லை, விபத்து.

மருமகளிடம் சொன்னேன். மாடி அறையில் உட்கார்ந்து ஏதோ கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள். போன வருடம் எங்கள் அத்தியாயங்களுக்காக ஒரு களஞ்சியம் அமைத்துக் கொடுத்ததும் அவள்தான். நாங்கள் எழுதிச் சேமித்து ஒரு பொத்தானை அழுத்தினால், யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற விவரத்தோடு எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஒரு விடைத்தாளை நினைத்துக்கொண்டால் புரியும். பையன் 15 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 18 என்று எழுதுகிறான். அடித்ததும் தெரியும், எழுதியதும் தெரியும். கணினியில் சாதாரணமாக அழித்தால் 15 இருந்த இடமே தெரியாது. களஞ்சியம் அடித்ததையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளும்.

"அப்போ டீச்சர் தேடறது எல்லாம் அங்க இருக்கா?"

"எல்லாமே இருக்கு மாமா. எட்டிப் பாக்கத்தான் ஜன்னல் இல்ல. நான் கறுப்புத் திரையில கட்டளை அடிச்சுப் பாத்துக்கறேன். உங்களுக்கெல்லாம் பிரவுசர்ல திறக்கற மாதிரி ஒண்ணு போடணும்."

"போட்டுடேன்."

"ஒண்ணா ரெண்டா, ஊர்ப்பட்டது இருக்கு. நீங்கதான் பாத்துத் தேர்ந்தெடுக்கணும்."

பொண்ணு பார்க்கப் போவது போல இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய கணினியைத் துடைத்து வைத்து, மருமகள் அதில் மூன்று மென்பொருள்களை ஏற்றினாள். மூன்றும் இலவசம், மூன்றும் அதே களஞ்சியத்தைத்தான் காட்டுகின்றன. ஒரே நாட்டுக்கு மூன்று வரைபடம் மாதிரி — ஒன்றில் மலைகள், ஒன்றில் சாலைகள், ஒன்றில் வெறும் எல்லைக்கோடு. எந்த வரைபடம் நல்லது என்று வகுப்பில் யாராவது கேட்டால், எங்கே போகப் போகிறாய் என்று திருப்பிக் கேட்பேன்.

பெயர்கள் வாயில் நுழையவில்லை. என் மனைவி பார்த்த மாத்திரத்தில் பெயர் சூட்டிவிட்டாள். முதலாவது, வண்ணமும் வளைவும் சின்னச் சின்னப் படங்களும், மாற்றம் செய்தவரின் முகமும், கருத்து எழுத இடமும் என்று ஏகப்பட்ட அலங்காரம்: 'மாப்பிள்ளை'. மூன்றாவதில் வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, அடியில் கோடு போட்ட சில இணைப்புகள், வேறொன்றும் கிடையாது: 'மொட்டை'. இடையில் இருந்ததை 'நடுவுலவன்' என்றாள்.

மாப்பிள்ளை ஓடும்போது பழைய கணினியின் விசிறி மூச்சு வாங்குகிறது. ஆனாலும் அழகு அழகுதான். பழைய வரி இளஞ்சிவப்பு, புதிய வரி இளம்பச்சை. என் 180-உம் 70-உம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பளிச்சென்று தெரிந்தன. வெட்கமாகப் போயிற்று.

ஜூன் 9, திங்கள்

பௌதிகம் வந்தார். மாப்பிள்ளையை ஒரு நிமிடம் பார்த்தார். "முடிஞ்சுது. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி? என்ன பூகோளம், மொட்டையப் போய் யாராவது ஆசைப்படுவாங்களா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளதை எழுத வேண்டும்.

மருமகள் மட்டும் கதவில் சாய்ந்தபடி, "முடிவு பண்றதுக்கு முன்னாடி டீச்சர் ஒரு தடவை கேக்கட்டும் மாமா" என்றாள். 'பாக்கட்டும்' என்று அவள் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜூன் 15, ஞாயிறு

மருமகளும் நானும் டீச்சர் வீட்டுக்குப் போனோம். இரண்டாம் மாடி, ஜன்னலை ஒட்டி மேசை. நாங்கள் உள்ளே வந்த பிறகுதான் நினைவு வந்து விளக்கைப் போட்டார். "மின்சாரத்தை மிச்சம் பிடிக்கறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார்.

அவர் கணினியிலேயே முதலில் மாப்பிள்ளையைத் திறந்தோம். வாயாடி படிக்கத் தொடங்கியது. அவர் பழக்கத்துக்கு அதன் வேகம் பட்டாணி கொட்டுவது போல இருக்கும். எங்களுக்காகக் குறைத்து வைத்தார்.

"பொத்தான். பொத்தான். படம். இணைப்பு. பொத்தான். பட்டியல், பன்னிரண்டு உருப்படிகள்..."

"மாப்பிள்ளை வீட்டார் உள்ள வரவே அரை மணி நேரம் ஆகும் போலிருக்கே" என்றார். பெயர்களை ஏற்கெனவே சொல்லியிருந்தோம்.

ஒருவழியாக ரயில் வந்தது. வாயாடி படித்தது: "ஒரு ரயில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு ரயில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது."

டீச்சர் அந்த இடத்தை மறுபடி ஒரு முறை படிக்க விட்டார். "ரெண்டு ரயிலா சார்?"

சிவப்பும் பச்சையும் எங்கள் கண்ணுக்கு. வாயாடிக்கு நிறம் தெரியாது. எது போனது, எது வந்தது என்று அதற்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. ஒரு வாரமாக நான் அழகு அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தது டீச்சருக்கு வெறும் இரண்டு ரயில்.

நடுவுலவன் இரண்டு வரிகளையும் கட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். வாயாடி குறுக்கே படித்ததில் வரி எண்ணும் ரயிலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

மொட்டையில் நம்பிக்கை பிறந்தது. அதில் நிறமே இல்லை. நீக்கிய வரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். முதலில் வாயாடி குறிகளை விழுங்கிவிட்டது. டீச்சரே அமைப்பை மாற்றி, குறிகளையும் படிக்கச் சொன்னார். "கழித்தல், ஒரு ரயில் மணிக்கு 180. கூட்டல், ஒரு ரயில் மணிக்கு 70." மூவரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம்.

சந்தோஷம் ஆறாம் அத்தியாயம் வரைதான். ஆறாம் அத்தியாயம் குறை எண்கள்.

"கழித்தல் கழித்தல் மூன்று. கூட்டல் கழித்தல் ஐந்து. கழித்தல் கூட்டல் நான்கு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு அவர் மட்டும் நிறுத்திவிட்டார்.

"இதுல எது கணக்கோட கழித்தல், எது உங்க மொட்டையோட கழித்தல்? ஒவ்வொரு வரிக்கும் நின்னு யோசிக்கணும். அதுக்கு மொத்தத்தையும் முதல்லேர்ந்து கேட்டுட்டுப் போயிடலாம்." கணினியை மூடினார். மெதுவாகத்தான் மூடினார். "போதும் சார். எனக்காக எல்லாரும் மூஞ்சி சுளிச்சுக்கிட்டு ஒரு மொட்டைப் பக்கத்தைப் பாக்க வேண்டாம். பௌதிகம் சொல்றதையே வெச்சுக்குங்க. நான் ஒதுங்கிக்கறேன்."

 வீதி முனையில் மருமகள், "அவங்க சொன்னது நியாயம்தான் மாமா. ஆனா அவங்க ஒதுங்கறதுதான் வழின்னு ஆகிடக் கூடாது" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

பௌதிகத்திடம் நடந்ததைச் சொன்னேன். "பாவம்தான். அதுக்காக?" என்றார். எரிச்சல் வந்துவிட்டது. அதுக்காக என்றால்? அந்தம்மா போட்ட கணக்கு, அந்தம்மா புத்தகம், அவங்களுக்கு மட்டும் கதவு கிடையாது, நாம உள்ள உக்காந்து வண்ணம் பாத்துக்கிட்டிருக்கணுமா? — இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். "சரி, பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் எரிச்சல்.

அச்சகத்தில் ஜூலை நடுவில் இயந்திரம் சும்மா இருக்குமாம். அப்போது கொடுத்தால் தாள் செலவு மட்டும். தள்ளிப்போட்டால் அடுத்த வருடம்தான்.

ஜூன் 18, புதன்

குழாய் சரியாகிவிட்டது. வீடே அமைதியாக இருக்கிறது. ஒன்றும் ஓடவில்லை, தண்ணீரும் சரி, மூளையும் சரி.

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து, வேலைதான் போய்விட்டதோ என்று பயந்தேன்.

"மாமா, மொட்டையோட உள்ள போய்ப் பாத்தேன். மொத்தமே ஒரு சின்ன நிரல். முழுசா படிச்சு முடிச்சுட்டேன். அந்தக் குறியைப் போடற இடம் ஒரே ஒரு வரி. குறிக்குப் பதிலா நாம ஒரு வார்த்தையைப் போட்டா?"

"போடலாமா? யாரும் கேக்க மாட்டாங்களா?"

"எழுதினவங்களே, வேணும்னா மாத்திக்கோன்னு சொல்லித்தான் கொடுத்திருக்காங்க."

"மாப்பிள்ளையில இதைச் செய்ய முடியாதா?"

"முடியும். அவரோட சட்டைப் பொத்தான் எங்க இருக்குன்னு தேடவே எனக்கு ஒரு மாசம் ஆகும்."

இப்போது புரிகிறது. இத்தனை நாள் மூன்றில் எது அழகு, எது வசதி என்று பார்த்தேன். எதைத் திறந்து சரிசெய்யலாம் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. ஆணி அடித்து மூடிய அலமாரி எவ்வளவு வழவழப்பாக இருந்தால்தான் என்ன?

ஜூன் 22, ஞாயிறு

எந்த வார்த்தை? மருமகள் முதலில் 'நீக்கம்', 'சேர்க்கை' என்று போட்டாள். சேர்க்கை என்றதும் எனக்குப் பள்ளி வாசலில் வரிசையில் நிற்கும் பெற்றோர்தான் நினைவுக்கு வந்தார்கள். 'பழைய வரி', 'புதிய வரி' என்று வைத்தோம். கணக்கில் எங்கேயும் வராத சொற்கள்; எதோடும் குழம்பாது.

என் கணினியிலும் வாயாடியை ஏற்றிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்து கேட்டேன். "பழைய வரி: கழித்தல் மூன்று. புதிய வரி: கழித்தல் ஐந்து." தெளிவு!

"தூங்கறதுக்கு இது ஒரு புது சாக்கா?" என்று சமையலறையிலிருந்து குரல். கண்ணைத் திறக்காமலே, வேலை பார்க்கிறேன் என்றேன். "குறட்டையும் வேலையில சேர்த்தியா?"

டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரே ஒரு முறை, கடைசியாக. "வாங்க" என்றார். குரலில் ஆசை இல்லை. என் மனம் நோகக் கூடாதே என்ற மரியாதைதான் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

நானும் மருமகளும் போனோம். ஆறாம் அத்தியாயத்தையே முதலில் திறக்கச் சொன்னார். பரீட்சை வைக்கிறவர் எப்போதும் பரீட்சை வைக்கிறவர்தான்.

வாயாடியின் வேகத்தைக் குறைக்கவில்லை. எங்களுக்குப் பட்டாணி. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை லேசாகச் சாய்ந்திருந்தது, ஒரு விரல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. தேநீர் ஆறுவதற்குள் நிறுத்திவிட்டார்.

"அடுத்தது?"

"அவ்வளவுதான் டீச்சர். ஆறாம் அத்தியாயத்துல மாறினது அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" திரும்பி என் பக்கம் — சரியாக என் பக்கம் — பார்த்தார். "அப்போ இத்தனை நாள் நான் கேட்ட மத்த பக்கமெல்லாம்?"

 அவரே சிரித்துவிட்டார். "என் புத்தகத்தையே எனக்கு மனப்பாடம் பண்ண வெச்சுட்டீங்களே, பாவிங்களா."

விலகாமல் கூடவே இருக்கிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "அந்த முகவரியை மட்டும் எனக்கு அனுப்பி வையும்மா" என்று மருமகளிடம் சொன்னார்.

வழி நெடுக மருமகள் தனக்குள் ஏதோ பாடிக்கொண்டே வந்தாள். நன்றாகப் பாடுகிறாள் என்று சொல்ல முடியாது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மொட்டைதான் என்று முடிவாகிவிட்டது. பௌதிகத்துக்கு முகம் விழுந்துவிட்டது. "நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குய்யா. கருத்து எழுத ஒரு இடம்கூட இல்ல." அதுவும் உண்மைதான், அந்த வசதியை நாங்கள் விட்டுக்கொடுத்திருக்கிறோம். கருத்து இருந்தால் ஃபோனில் சொல்லுங்கள் என்றேன். மருமகள் அவருக்காக வரிகளுக்கு மெல்லிய பச்சையும் சிவப்பும் பூசிக் கொடுத்தாள். வார்த்தை டீச்சருக்கு, வண்ணம் பௌதிகத்துக்கு. "ஹ்ம். இப்போ பரவாயில்ல" என்றார்.

பழைய கணினியின் விசிறிச் சத்தம் கேட்கவே இல்லை. ஓடுகிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் பௌதிகத்தையும் என்னையும் ஒரே அழைப்பில் சேர்த்தார் டீச்சர்.  விலகுகிறேன் என்று இருவரிடமும் சேர்த்துச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"பௌதிகம் சார், எட்டாம் அத்தியாயம், விடைப் பகுதி. பழைய வரி, மாணவர்கள் 148. புதிய வரி, மாணவர்கள் 150. அந்த ரெண்டு பிள்ளைங்களை எங்கேருந்து சார் கொண்டு வந்தீங்க?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"சொல்லுங்க சார். வகுப்புல இடம் போட்டுக் கொடுக்கணும்ல?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன வாரம் விடைப் பகுதியை ஒழுங்குபடுத்தும்போது பௌதிகம் கைப்பழக்கத்தில் எல்லா விடைகளையும் தோராயமாக்கியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்ணை அப்படியே எழுதினால் பையன்களைத் திட்டுவாரே, அதே பழக்கம். 148 என்பது 150, 61 என்பது 60. அத்தியாயம் முழுக்க.

"அளவீட்டுல அவ்வளவு துல்லியம் வராது டீச்சர்..." என்று இழுத்தார்.

"இது அளவீடு இல்ல சார், எண்ணிக்கை. பிள்ளைங்க என்ன, தோராயமாவா வகுப்புக்கு வர்றாங்க?"

"சில நாள் அப்படித்தான் வருவாங்க" என்றார் பௌதிகம். மூவரும் சேர்ந்து சிரித்தோம். எவ்வளவு காலம் ஆயிற்று, அப்படிச் சிரித்து.

அந்தப் பக்கத்தை நானும் பார்த்திருந்தேன். பச்சையும் சிவப்புமாக என் கண் முன்னால்தான் இருந்தது. விடைகள் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்றுகூட நினைத்தேன். அப்படியே அச்சுக்குப் போயிருந்தால் அந்த அத்தியாயத்தில் சரியாகப் போட்ட ஒவ்வொரு பிள்ளையும் தன் விடை தப்பு என்று நினைத்திருக்கும். பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகள்.  

வைப்பதற்கு முன் டீச்சர் மருமகளைக் கூப்பிடச் சொன்னார். "நீங்கள்லாம் அழுத்தற அந்தப் பொத்தானை எனக்கும் சொல்லிக் கொடும்மா. இவங்களுக்கு ஃபோன்ல சொல்லி இவங்க திருத்தறதுக்குள்ள புதுசா ரெண்டு தப்பு வருது."

ஜூலை 8, செவ்வாய்

மாடியிலிருந்து ஃபோனில் மருமகள் குரல், சாயங்காலம் முழுக்க. "இல்ல டீச்சர், முதல்ல சேமிக்கணும்... ஆமா... இப்ப என்ன சொல்லுது வாயாடி?... அதேதான்!"

என் மனைவி, "உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தப்போ ஒரு மாசம் ஆச்சு" என்றாள். கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் பக்கத்தைத் திறந்தேன். மாற்றங்களின் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். எட்டாம் அத்தியாயத்து விடைகள் எல்லாம் திருத்தியாகிவிட்டது, ஒன்பதும் முடிந்திருந்தது. கடைசி அத்தியாயத்துக்குக் கீழே டீச்சர் தட்டச்சு செய்திருந்த குறிப்பு: "கேட்டாயிற்று. அச்சுக்குக் கொடுக்கலாம். அடுத்த வகுப்புக்கான புத்தகத்துக்குக் களஞ்சியத்தில் ஒரு தனி இடம் திறந்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அதில் யாரும் நுழைய வேண்டாம்."

எனக்குப் பார்க்க ஒரு வரிகூட மிச்சமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போய் வந்தேன்.